ருசி மேசை

செப்டம்பர் 15, திங்கள்

இன்றைக்கும் வண்டி கிளம்ப ஒன்பதரை ஆகிவிட்டது. எட்டு மணிக்குக் கிளம்ப வேண்டிய வண்டி! கரடியாய்க் கத்தினாலும் கேட்க நாதியில்லை.

தங்கப்பழம் ஸ்வீட்ஸில் நான் மேனேஜராகச் சேர்ந்து ரெண்டு மாசம் ஆகப்போகிறது. ஐந்து ஊரில் ஐந்து கடை. எல்லாவற்றுக்கும் சரக்கு போடுவது தென்காசியில் இருக்கிற ஒரே சமையல் கூடம்தான். இங்கே ஆளுக்குப் பஞ்சமில்லை, அடுப்புக்குப் பஞ்சமில்லை. ஒரே ஒரு வார்த்தைக்குத்தான் பஞ்சம். கூடத்தின் பின்வாசலில் ஒரு பழைய மேசை கிடக்கிறது. ருசி மேசை என்று பேர். ஒவ்வொரு ஈடு இறக்கினதும் ஒரு துண்டை வாழை இலை நறுக்கில் வைத்து அங்கே கொண்டுவரணும். முதலாளி தங்கப்பழம் அண்ணாச்சி அதை வாயில் போட்டு, மென்று, விட்டத்தைப் பார்த்து, "போகலாம்" என்று திருவாய் மலரணும். அதற்கப்புறம்தான் சரக்கு வண்டியில் ஏறும். அண்ணாச்சி குளிக்கப் போனால் லட்டு காத்திருக்கும். அண்ணாச்சி கல்யாண வீட்டுக்குப் போனால் ஐந்து ஊரும் காத்திருக்கும். கடை ஆரம்பித்த நாளிலிருந்து இதுதான் நடைமுறையாம். நல்ல நடைமுறை!

சாயங்காலம் அவர் மகன், சின்னவர் அருள்குமரன், என்னைக் கூப்பிட்டார். "போன தீபாவளிக்குச் சரக்கு லேட்டா வந்து கடையில அடிதடியே ஆயிருச்சு மேடம். இந்தத் தீபாவளிக்கும் வண்டி எட்டு மணிக்குக் கிளம்பலேன்னா கூடத்தை மூடிருவேன். வெளியில சரக்கு வாங்கி வித்துட்டுப் போறேன். அப்பாட்டயும் சொல்லிட்டேன்" என்றார்.

கூடத்தை மூடினால் அறுபது பேர் வீட்டுக்குப் போகணும், நானும் சேர்த்து. எனக்கென்ன, ஆஸ்பத்திரி நிர்வாகம் பார்த்தவள், எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வேன். பெரிய மாஸ்டர் கொம்பையா எங்கே போவார்? அந்த மனுசனுக்கு ஜீரா காய்ச்சுவதைத் தவிர ஒன்றும் தெரியாது. அவருக்காகத்தான் கவலைப்படுகிறேன்.

எனக்கு இனிப்பே பிடிக்காது. அதையும் எழுதி வைக்கிறேன். இன்றைக்கு ஜாங்கிரியில் உளுந்து கொஞ்சம் கூடுதலாக ஊறிவிட்டது, அது வேறு விஷயம்.

செப்டம்பர் 16, செவ்வாய்

வண்டி ஒன்பது இருபது. ஆகா, என்ன முன்னேற்றம்!

செப்டம்பர் 20, சனி

அண்ணாச்சிக்கு ஒரு புதுப் பழக்கம் வந்திருக்கிறது. ஆடி மாசம் காய்ச்சலில் படுத்து எழுந்ததிலிருந்து இப்படித்தான் என்கிறார் கொம்பையா மாஸ்டர். முன்னெல்லாம் மேசையில் தனியாகத்தான் உட்காருவாராம். இப்போது என்னையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்கிறார். "நீங்களும் ஒரு துண்டு எடுங்க உலகம்மா. தனியாத் தின்னா வயிறு வலிக்கும்" என்கிறார். முதலாளி கொடுப்பதை வேண்டாம் என்று சொல்ல முடியுமா? வாங்கித் தின்று தொலைக்கிறேன்.

அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் தின்னும்போது எதற்கு என் மூஞ்சியையே பார்க்கிறார்? முதல் நாள் பொட்டு கோணலாக இருக்கிறதோ என்று நினைத்தேன். மறுநாள் பொட்டை ரெண்டு தடவை கண்ணாடியில் பார்த்துவிட்டுப் போனேன். அப்பவும் பார்க்கிறார். தங்கமான மனுசன், தப்பாக எதுவும் நினைக்க முடியாது. பல்லில் கீரை ஒட்டியிருந்திருக்கும்.

இன்றைக்கு அல்வா அபாரம். நெய் பிரிந்து வந்து, விரலில் ஒட்டாமல், தொண்டையில் வழுக்கிக்கொண்டு போனது. கடமைக்காக இன்னொரு துண்டு எடுத்தேன்.

செப்டம்பர் 24, புதன்

ஐயோ, இன்றைக்கு நடந்த கூத்தை எப்படி எழுத!

ராத்திரியே கடவாய்ப் பல் விண்விண் என்று தெறித்தது. கிராம்பை வைத்துக் கடித்துக்கொண்டு வேலைக்குப் போனேன். முதலில் பாதுஷா வந்தது. இனிப்பு பல்லில் பட்டதோ இல்லையோ, உச்சந்தலை வரைக்கும் சுண்டி இழுத்தது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். பக்கத்தில் அண்ணாச்சி, "போகாது" என்றார்.

அடுத்தது லட்டு. "போகாது." அடுத்தது பால்கோவா. "போகாது." காராச்சேவு மட்டும் தப்பித்தது. மற்றதெல்லாம் வரிசையாகப் போகாது, போகாது, போகாது. கொம்பையா மாஸ்டர் தோளில் கிடந்த துண்டை உதறிக் கீழே போட்டார். "என்ன அண்ணாச்சி கொறை? சொல்லுங்க, திருத்திக்கிடுதேன். சொல்லாமக் கொள்ளாம போகாதுன்னா நான் என்னத்தச் செய்ய?" என்று கேட்டார். அண்ணாச்சி விழித்தார். என்னைப் பார்த்தார். நான் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "பல்வலி அண்ணாச்சி, உசுரு போகுது" என்றேன்.

"பல்வலியா?" என்று கேட்டாரே ஒரு கேள்வி! அந்த முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. எனக்குப் பல்வலி என்றால் இவருக்கு ஏன் சந்தோஷம்? "எல்லாம் போகலாம் கொம்பையா. அப்பமே எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு, இப்ப சரியாயிட்டு" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

வண்டி கிளம்பும்போது பத்தரை. பெரிய மனுசருக்கு வயசாகிறது, வேறென்ன.

செப்டம்பர் 25, வியாழன்

பல்லைப் பிடுங்கியாச்சு. வீட்டில் இவரிடம் நேற்றுக் கதையைச் சொன்னேன். இவர் பள்ளிக்கூடத்தில் டிராயிங் வாத்தியார், மூஞ்சி வரைவதுதான் பிழைப்பு. விழுந்து விழுந்து சிரிக்கிறார். "நான் வச்ச ரசம் எப்படின்னு உங்கிட்ட நான் என்னிக்காவது கேட்டிருக்கேனா? கேக்க வேண்டிய அவசியமே வந்ததில்ல" என்கிறார். பல்வலிக்காரியிடம் விடுகதை போட இவருக்கு நேரம் காலம் கிடையாது.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. சமையல் கூடத்தில் இன்றைக்குக் கரண்டி, சட்டி, ஜாரணி எல்லாம் சாமி முன்னால் சந்தனம் பூசிப் படுத்திருக்கும். மாஸ்டர் யாரும் அடுப்பைத் தொடக் கூடாது. அதனால் வருஷா வருஷம் பாயசம் வைப்பது ஆபீஸ்காரர்கள் பொறுப்பு. இந்த வருஷம் என் தலைமையில். வீட்டிலிருந்து குண்டானைத் தூக்கிக்கொண்டு போனேன்.

பாயசத்தில் எந்த மகராசி சர்க்கரை என்று நினைத்துப் பொடி உப்பை அள்ளிப் போட்டாளோ, அதை இங்கே எழுதப் போவதில்லை. ரெண்டு டப்பாவும் ஒரே மாதிரி இருந்தது, அவ்வளவுதான் சொல்வேன். முதல் வாய் குடித்த டிரைவர் வாசலுக்கு ஓடினார். கொம்பையா மாஸ்டர் மரியாதைக்காக விழுங்கிவிட்டுக் கண்ணில் தண்ணீரோடு நின்றார். சின்னவர் நல்லவேளை சுரண்டை கடைப் பூஜைக்குப் போயிருந்தார். அறுபது பேரும் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு ஒருத்தரை ஒருத்தர் பார்க்கிறார்கள்.

அண்ணாச்சி மட்டும் ஒரு டம்ளரைக் குடித்து முடித்து, "பேஷ்! ஆபீஸ்காரவுக கைமணமே தனி. இன்னொரு டம்ளர் ஊத்துங்க" என்றார். குடித்தார். முழுசாகக் குடித்தார்.

இந்தத் தடவை நான் அவர் மூஞ்சியைப் பார்த்தேன்.

அக்டோபர் 2, வியாழன்

காலையில் கேட்டுவிட்டேன். சுற்றி வளைக்க எனக்குத் தெரியாது. "அண்ணாச்சி, உங்களுக்கு ருசி தெரியுதா?"

இலை நறுக்கை நாலாக மடித்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார். "காய்ச்சல் விட்டுச்சு, நாக்கைக் கொண்டுட்டுப் போயிட்டும்மா. சீனியும் மண்ணும் எனக்கு இப்ப ஒண்ணுதான். டாக்டர் வரும்ங்காரு. வந்தபாடில்ல."

"அப்ப இத்தனை நாளும் எப்படிப் போகலாம், போகாதுன்னு சொன்னிய?"

"உங்க மூஞ்சியப் பாத்துத்தான். நல்லாருந்தா கண்ணு தானா மூடும். கொறை இருந்தா வலது புருவம் லேசா ஏறும். ஒரு நாள்கூடத் தப்பினது கிடையாது. அந்தப் பல்வலி அன்னைக்குத்தான் நான் செத்தேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. எள்ளுதான் எண்ணெய்க்குக் காயுது, எலிப்புழுக்கை எதுக்குக் காயுது என்பார்களே, அப்படி இத்தனை நாளும் எதற்கென்றே தெரியாமல் நான் மேசையில் உட்கார்ந்து காய்ந்திருக்கிறேன். இந்தக் கம்பெனியின் அத்தனை லட்டும் என் புருவத்தைக் கேட்டுக்கொண்டுதான் ஊருக்குப் போயிருக்கிறது!

"அருளுக்குத் தெரிஞ்சா மறுநாளே கூடத்துக்குப் பூட்டுதாம்மா. தீபாவளி முடியட்டும். அதுவரைக்கும் காப்பாத்துங்க" என்றார் அண்ணாச்சி. பெரிய மனுசர் கண்ணில் தண்ணீர். சரி என்று சொல்லிவிட்டேன். வேறென்ன சொல்ல?

அக்டோபர் 8, புதன்

சும்மா ஒன்றும் சரி சொல்லவில்லை, நானும் ஒரு நிபந்தனை போட்டேன். மிக்சர், சேவு, பாதுஷா, லட்டு, இப்படி தினம் போடுகிற சரக்கெல்லாம் மேசைக்கே வரக் கூடாது. போட்டவரே ருசி பார்க்கணும், போட்டவரே வண்டியில் ஏற்றணும். புதுச் சரக்கும் பெரிய ஆர்டரும் மட்டும் மேசைக்கு. அண்ணாச்சி ரெண்டு நாள் முறுக்கிக்கொண்டார். "கொறை வந்தா யாரு பொறுப்பு?" "போட்டவரு. அவருக்குத்தான அண்ணாச்சி முதல்ல தெரியும்?"

மாஸ்டர்கள் முதலில் பயந்தார்கள். "நானே சொல்லணுமா?" என்று கொம்பையா மாஸ்டர் மூணு தடவை கேட்டார். இப்போது பாருங்கள், ஒரு துண்டை வாயில் போட்டு விட்டத்தைப் பார்க்கிறார், அண்ணாச்சி மாதிரியே. நேற்று அவர் போட்ட ஒரு ஈடு காராச்சேவை அவரே நிறுத்திவிட்டார். அண்ணாச்சி அதை விட்டிருப்பார் என்று வேறு சொல்கிறார்.

மூணு நாளாக வண்டி எட்டு மணிக்கு டாண் என்று கிளம்புகிறது. இன்றைக்கு வண்டி புறப்பட்டதும் கூடமே கைதட்டியது. நானும் தட்டினேன். சின்னவர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்துக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். வீட்டுக்கு வரும்போது இவருக்கு அரைக் கிலோ அல்வா வாங்கி வந்தேன். இவர் எடுப்பதற்குள் எப்படியோ காலியாகிவிட்டது.

அக்டோபர் 13, திங்கள்

தீபாவளிக்கு ஒரு வாரம். ஆலங்குளம் பக்கத்தில் இருக்கிற ஒரு மில்லிலிருந்து பெரிய ஆர்டர். தொழிலாளிகள் எல்லோருக்கும் ஆளுக்கு ஒரு பெட்டி மைசூர்பாகு. வியாழக்கிழமை காலை எட்டு மணி வண்டி. இந்த ஒன்று ஒழுங்காகப் போய்விட்டால் கூடத்தை மூடும் பேச்சே இனி இல்லை என்று சின்னவர் வாக்குக் கொடுத்துவிட்டார். எனக்குத் தூக்கம் வரவில்லை, சந்தோஷத்தில்தான்.

அக்டோபர் 16, வியாழன்

உட்கார்ந்து நிதானமாக எழுதுகிறேன்.

பெட்டியெல்லாம் கட்டி அடுக்கியாச்சு, மேசைக்கு ஒரு துண்டு வந்தால் பாக்கி ஒன்றுமில்லை. வண்டி எஞ்சினைப் போட்டுவிட்டு நிற்கிறது. சின்னவர் கையில் போனோடு நிற்கிறார். மைசூர்பாகைப் பிட்டு வாயில் வைத்தேன். பார்க்க அம்சம். வாயில் வைத்ததும் கரைந்தது. கரைந்து போன பிறகு அடிநாக்கில் ஒரு சிக்கு வாடை, பழசாகிப்போன எண்ணெய் மாதிரி. லேசாகத்தான். பத்துப் பேரில் ஒன்பது பேருக்குத் தெரியாது.

அண்ணாச்சி என் மூஞ்சியைப் பார்த்தார். நான் மூஞ்சியை இறுக்கிப் பிடித்தேன். ஆமாம், பிடித்தேன். புருவத்தை அசையவிடவில்லை. அந்த எட்டு மணி வண்டிக்காக நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அறுபது பேர் சோறு அதில் இருக்கிறது. என் மூஞ்சியில் ஒன்றும் இல்லை என்றதும் அண்ணாச்சி நிம்மதியாக வாயைத் திறந்தார். மில்லில் ஒரு பெண் அந்தப் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுபோய், பிள்ளைகளைக் கூப்பிட்டு வைத்துப் பிரிப்பது என் கண்ணுக்குள் தெரிந்தது.

"போக..." என்றார் அண்ணாச்சி.

"போகாது!" என்றேன் நான்.

சின்னவருக்கு முகம் சிவந்துவிட்டது. "என்ன மேடம் நீங்க? எட்டு மணி, எட்டு மணின்னு ஊரைக் கூட்டினதே நீங்கதான! மேசையில சொல்ல வேண்டியது அப்பா. நீங்க எப்படிச் சொல்லலாம்?"

அண்ணாச்சி எழுந்தார். "ஏலே அருளு, நில்லு. எனக்கு நாக்கு செத்துப்போய் ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு. இத்தனை நாளும் இந்த மேசையில இருந்து சரக்கை அனுப்பினது இந்த அம்மாதான். அவுக போகாதுன்னா போகாது."

அறுபது பேரும் அதிர்ந்து நிற்பார்கள் என்று பார்த்தால், பின்னாலிருந்து யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கொம்பையா மாஸ்டர் தலையைச் சொறிந்தார். "அண்ணாச்சி, கோவிச்சுக்கிடாதிய. ஆயுத பூஜை அன்னைக்கு அந்தப் பாயசத்தை ரெண்டு டம்ளர் குடிச்ச மனுசருக்கு நாக்கு இருக்குன்னு நாங்க நம்புவமா? எல்லாருக்கும் தெரியும். நாங்களும் அன்னையில இருந்து அம்மா மூஞ்சியத்தான் பாக்கோம். ஆனா ஒண்ணு, இன்னைக்கு அம்மா மூஞ்சியில ஒண்ணுமே தெரியல. அதான் எனக்குச் சந்தேகமாவே இருந்துச்சு."

கூடமே சிரித்தது. அண்ணாச்சியும் சிரித்தார். சின்னவர் மட்டும் சிரிக்கவில்லை. "தம்பி, நீங்களே ஒரு துண்டு எடுங்க. அவசரப்படாம, முழுங்கின பிறகு சொல்லுங்க" என்றேன். எடுத்தார். மென்றார், விழுங்கினார். "நெய்யா?" என்றார். "நெய்தான்" என்றேன். "புது இடத்துல வெலை கொறைவா குடுத்தாங்கன்னு நான்தான் டின் மாத்தினேன். அந்த நெய்ய யாரும் ருசி பாத்துச் சொல்லல. நான் வாங்கினதுன்னு..." என்று இழுத்தார். பாவம், பையன் முகம் சுண்டிப்போய்விட்டது.

பிறகு ஒரு நிமிஷம்கூட அவர் நிற்கவில்லை. பழைய இடத்து நெய்க்கு அவரே வண்டியை எடுத்துக்கொண்டு பறந்தார். நான் மில்லுக்குப் போன் போட்டேன். ஆர்டர் கொடுத்த அந்த அம்மா கொதித்துவிட்டார். "நாளைக்கா? என்னம்மா விளையாடுதியளா?" "விளையாடல மேடம். சிக்கு வாடை இருக்கு. உங்க ஆளுகளுக்கு அனுப்ப மனசு வரல" என்றேன். அந்தப் பக்கம் குரல் தணிந்தது. அப்புறம், "நாளைக்கு எத்தனை மணிக்கு?" "எட்டு மணிக்கு உங்க வாசல்ல நிக்கும்." "நிக்கலேன்னா உங்க வீட்டு வாசல்ல நான் வந்து நிப்பேன், பாத்துக்கிடுங்க."

அத்தனை பேரும் திரும்பக் கடலைமாவு சலித்தோம். அண்ணாச்சி பெட்டி மடித்தார், கணக்கு எழுதுகிறவர் நெய் உருக்கினார், சின்னவர் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு வில்லை போட்டார். கோணல்மாணலாகத்தான் போட்டார், கொம்பையா மாஸ்டர் பின்னாலேயே நின்று திருத்தினார். ஒரே பாட்டும் கேலியும்தான். விளக்கு வைக்கிற நேரத்துக்கு முடித்துவிட்டோம். கை, கழுத்து, தலைமுடி எல்லாம் நெய். இப்படி ஒரு நாள் என் உத்தியோகத்தில் வந்ததே இல்லை. சத்தியமாக வந்ததில்லை.

அக்டோபர் 17, வெள்ளி

எட்டடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது வண்டி மில் வாசலில். அந்த அம்மா போன் பண்ணி, "இன்னும் அம்பது பெட்டி கிடைக்குமா?" என்கிறார்.

சின்னவர் மேசைக்கு வந்து, "கூடம் கூடமாவே இருக்கட்டும் மேடம். இனிமே சரக்கு மட்டும் இல்ல, உள்ள வர்ற நெய், சீனி, மாவு எல்லாமே முதல்ல மேசைக்கு வரணும். நான் வாங்கினாலும்" என்றார். அண்ணாச்சி தன் நாற்காலியை என் பக்கம் தள்ளிவிட்டார். தீபாவளி முடிகிற வரைக்கும்தான் என்று சொல்லி உட்கார்ந்தேன். நல்ல நாற்காலி, முதுகுக்கு இதமாக இருக்கிறது.

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

காலையில் புதுச்சேலை கட்டி முடிப்பதற்குள் அண்ணாச்சி ஒரு பெரிய பெட்டியோடு வீட்டுக்கே வந்துவிட்டார். இவருக்குத் தலைகால் புரியவில்லை. தான் கிண்டின தீபாவளி லேகியத்தைக் கொண்டுவந்து நீட்டினார். அதை நானே தொடவில்லை, வந்தவருக்குப் போய் நீட்டுகிறார்! அண்ணாச்சி சிரித்துக்கொண்டே, "நமக்கென்ன வாத்தியாரே, நாக்கா இருக்கு? பெரிய உருண்டையாவே குடுங்க" என்று வாங்கி வாயில் போட்டார்.

ரெண்டு மென்றார். நின்றார். கண் அகலமாக விரிந்தது.

"யாத்தே!" என்று ஒரு சத்தம். "கசக்குது! உலகம்மா, கசக்குதும்மா! வாத்தியாரே, வெல்லத்தைக் கருக்கிட்டியரே! கருகல் தெரியுதய்யா எனக்கு!" சின்னப் பிள்ளை மாதிரி எங்கள் வீட்டுக் கூடத்தில் குதிக்கிறார். இவருக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அண்ணாச்சி கொண்டுவந்த பெட்டியை அவரே பிரித்து ஒரு மைசூர்பாகை எடுத்து வாயில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். கன்னத்தில் தண்ணீர் ஓடுகிறது. "நம்ம சரக்கும்மா. நம்ம சரக்கு" என்றார்.

எனக்கும் அழுகை வந்துவிட்டது. சந்தோஷம்தான். பிறகு அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்கு ஆறு மணிக்கு நான் மேசைக்கு வந்துருதேன். உங்களுக்கு இனிமே அந்தத் தொல்லை இல்ல" என்றார்.

எனக்கு நெஞ்சுக்குள் பொசுக்கென்றது. சரி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"வாங்க அண்ணாச்சி. ஆனா அந்த நாற்காலியை நான் தரமாட்டேன்."

நானா சொன்னேன்? நான்தான் சொன்னேன். இவர் சட்டென்று லேகியத் தட்டைப் பார்க்க ஆரம்பித்தார். தெருவில் யாரோ சரம் வெடித்தார்கள். அது முடிந்ததும் அண்ணாச்சி கேட்டார்.

"அப்ப நான் எங்கம்மா உக்கார?"

"கடையில உக்காருங்க. நீங்க கல்லாவுல இருந்து எத்தனை வருசமாச்சு? வாங்க வர்றவுக உங்களைத்தான் கேக்காவ. சரக்கை நாங்க பாத்துக்கிடுதோம். எனக்கு அது வேணும் அண்ணாச்சி. தொல்லைன்னு நான் என்னைக்கும் நெனைக்கல."

அண்ணாச்சி பழையபடி என் மூஞ்சியைப் பார்த்தார். அப்புறம் வாய்விட்டுச் சிரித்தார். "கடை ஆரம்பிச்சு இத்தனை வருசத்துல அந்த நாற்காலியைத் தூக்கிப் போடுன்னு சொன்னவன் உண்டு, ஒடைச்சு அடுப்புல வைன்னு சொன்னவன் உண்டு. எனக்கு வேணும்னு கேட்ட ஆளு நீங்க ஒருத்திதான். எடுத்துக்கிடுங்க" என்றார்.

போகும்போது லேகியத்தைச் சம்புடத்தோடு வாங்கிக்கொண்டு போனார். இவருக்கு அதைவிடப் பெரிய தீபாவளி கிடையாது, தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார். எனக்கு வெடி, மத்தாப்பு எதுவும் வேண்டாம். சீக்கிரம் படுக்கணும். நாளைக்கு ஆறு மணிக்கு நான் என் மேசையில் இருக்கணும்.